உவர்மலைக் குடும்பம் (குடும்ப குரூப் சாட்)

ராசன் மாமா: கபிலனை அமெரிக்காவில கம்பஸால சஸ்பெண்ட் பண்ணப் போறாங்களாம். மனநல வைத்தியம் எடுத்த கடிதம் குடுத்தால்தான் திரும்ப எடுப்பாங்களாம். அப்பீல் வெள்ளி வரைக்கும்.

பெரியம்மா: ஐயோ பிள்ள. கோணேசருக்கு ஒரு அர்ச்சனை வையுங்கோ

ரவி: அந்தக் காணிய வித்து அனுப்பேக்கயே சொன்னன்

தர்ஷி: ரவியண்ணா இப்ப அது தேவையோ

சுபா: மாமா, முதல் வேலை கம்பஸிட சர்வதேச மாணவர் அலுவலகத்தோட கதைக்கிறது. எஃப்-1 (மாணவர் விசா) பிள்ளைக்கு செவிஸில, அதாவது அமெரிக்க அரசாங்கத்திட வெளிநாட்டு மாணவர் பதிவில, இடைநிறுத்தம் எண்டு பதிஞ்சால் உடனே நாட்டை விட்டு வெளிக்கிட வேணும், அவகாசம் இல்லை. அவங்கள் முன்கூட்டி அனுமதிச்ச விலகல் எண்டால் 15 நாள் கிடைக்கும். 5 மாதத்துக்கு மேல அமெரிக்காவுக்கு வெளியில நிண்டால் புது ஐ-20 (விசாவுக்கு கம்பஸ் குடுக்கிற படிவம்) எடுத்து, 350 டொலர் செவிஸ் கட்டணம் திரும்பவும் கட்டவேணும். அங்கயே நிண்டு வைத்தியம் எடுக்கிறதெண்டால், இடைநிறுத்தம் வரமுதல், மருத்துவக் காரணத்துக்குப் பாடம் குறைக்கக் கேட்கலாம். ஒரு பட்டப்படிப்புக்கு மொத்தம் 12 மாதம். உரிமம் பெற்ற டொக்டர் அல்லது சைக்கோலொஜிஸ்டிட கடிதம் வேணும், சும்மா கவுன்சிலரிட கடிதம் செல்லாது.

பெரியம்மா: இஞ்ச கூட்டிவந்து பெரியாஸ்பத்திரியில காட்டலாமே

சுபா: காட்டலாம் பெரியம்மா. ஆனா இலங்கை டொக்டரிட கடிதம் ஏற்பீங்களோ எண்டு கம்பஸிட்ட ஈமெயிலில கேட்டு, பதில் வந்தபிறகுதான். இல்லாட்டி மாதக்கணக்கா கிளினிக் போனபிறகு "எங்கட ஆள் பார்க்கவேணும்" எண்டுவாங்கள். கடிதத்தில தொடங்கின திகதி, ஒழுங்கா வாறாரோ, படிக்கிற நிலையில இருக்கிறாரோ, இவ்வளவு காணும். ஆங்கிலத்தில, லெட்டர்ஹெட்டில, மருத்துவ சபைப் பதிவு இலக்கத்தோட. கிளினிக் கொப்பிய முழுசா ஸ்கான் பண்ணி அனுப்பிடாதேங்கோ. சம்மதப் படிவத்தில ஆருக்கு, என்ன தகவல், எந்தத் திகதி வரைக்கும் எண்டு எழுதித்தான் சைன் வைக்கவேணும்.

ராசன் மாமா: டொக்டர் சரி எண்டு சொல்லியும் கம்பஸ் திரும்ப எடுக்காட்டி?

சுபா: அப்பிடி ஒரு முறைப்பாட்டிலதான் 2021ல பிரவுண் பல்கலைக்கழகம் அமெரிக்க நீதித் திணைக்களத்தோட இணங்கி, பிள்ளைகளுக்கு 684,000 டொலர் குடுக்க ஒத்துக்கொண்டது.

ரவி: கேஸ் போட ஆரிட காசு?

சுபா: அமெரிக்கக் கல்வித் திணைக்களத்திட சிவில் உரிமை அலுவலகத்தில முறைப்பாட்டுக்குக் காசில்லை. 180 நாளுக்குள்ள போடவேணும்.

பெரியம்மா: ஞாயிறு அம்மம்மாட திவசம். பாயசம் ஆர்?

தர்ஷி: நான் வடை

ராசன் மாமா: கம்பஸ் அனுப்பின கடிதத்த இதில போடவோ

சுபா: வேண்டாம் மாமா. எனக்கு மட்டும் அனுப்புங்கோ. அவனிட வருத்த விசயம் குரூப்பில வேண்டாம்.

தர்ஷி: கபிலனோட ஆராவது கதைச்சீங்களோ? அவனுக்கு என்ன விருப்பம்?

ராசன் மாமா: ஃபோன் எடுக்கிறானில்ல

ரவி: ராவைக்கு நான் எடுத்துப் பாக்கிறன். அப்பீல் ஆர் எழுதுறது?

பெரியம்மா: சவ்வரிசி ஆர் வாங்குற எண்டும் சொல்லுங்கோ