ரப்பர் தோட்டத்துப் பூனைகளை எண்ணுவது எப்படி?

கீரிப்பாறைக்காரி:

எம்.எஸ்சி. விலங்கியல் கடைசி வருடம் படிக்கிறேன். அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. அதிகாலை இரண்டரை மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குவார். திரும்பி வந்து கட்டன்சாயா குடிக்கும்போது வாரத்துக்கு ஒரு தடவையாவது, "இன்னைக்கும் ஒரு வெருகு குறுக்கே போச்சு" என்பார். சின்ன வயதிலிருந்தே இதைக் கேட்டு வளர்ந்ததால் ப்ராஜெக்டுக்கும் அதையே எடுத்துவிட்டேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தடிக்காரன்கோணம் முதல் கீரிப்பாறை வரை உள்ள தனியார் ரப்பர் தோட்டங்களில் எத்தனை காட்டுப்பூனைகள் இருக்கின்றன என்று கணக்கெடுக்க வேண்டும். தோட்டக்காரர்கள் சிலர் சம்மதித்துவிட்டார்கள். கல்லூரியில் இரண்டு தானியங்கி கேமரா (விலங்கு குறுக்கே போனால் தானே படம் எடுப்பது) தருவார்கள். காலம் டிசம்பர் முதல் மார்ச் வரை. கைடு, "புலிக் கணக்கெடுப்பு மாதிரியே செய்தால் போதும்" என்கிறார். போதுமா? களத்தில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்.

ஈரச்செருப்பு:

போதாது தங்கச்சி. களக்காடு பக்கம் ஆறு வருடம் கேமரா சுமந்தவன் சொல்கிறேன்.

புலியை எண்ண முடிவதற்குக் காரணமே அதன் வரிதான். ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இருக்காது. ஒரே புலிக்கு இடது விலாவும் வலது விலாவும்கூட வேறு வேறு. அதனால்தான் ஒவ்வொரு இடத்திலும் எதிரெதிராக இரண்டு கேமரா கட்டுகிறோம். இரண்டு சதுர கிலோமீட்டருக்கு ஒரு ஜோடி, குறைந்தது 25 நாள். முன்பே படத்தில் விழுந்த புலி எத்தனை தடவை திரும்ப விழுகிறது என்பதை வைத்துத்தான் படத்தில் விழாததையும் சேர்த்து மதிப்பிடுவார்கள். இந்தக் கணக்குப்படி உங்கள் இரண்டு கேமராவும் சேர்ந்தால் ஒரே ஓர் இடம். அங்கேயே முடிந்தது கதை.

இன்னொரு சிக்கல். காட்டுப்பூனைக்கு உடம்பில் புள்ளியே கிடையாது. காலில் மங்கலாகச் சில பட்டை, வாலில் இரண்டு மூன்று வளையம், கறுப்பு வால்நுனி, காது நுனியில் கொஞ்சம் முடி, அவ்வளவுதான். படத்தில் பத்து தடவை வந்தால் பத்துப் பூனையா, ஒரே பூனை பத்து தடவை உலாத்தியதா? யாராலும் சொல்ல முடியாது. சிறுத்தைப்பூனைக்கும் துரும்பன் பூனைக்கும் புள்ளி உண்டு. ஆனால் ஒன்றரைக் கிலோகூடத் தேறாத துரும்பன் இருட்டில் ஓடும்போது புள்ளியை எண்ணுகிற அளவுக்குப் படம் விழுவது அதிர்ஷ்டம்.

என் அனுபவம் ஒன்று. ஒரு தோட்டத்தில் 31 இரவு வைத்து 2,600 படம் எடுத்தேன். முக்கால்வாசி காற்றில் ஆடிய புல், மீதி பால்வெட்டுகிறவர்களின் கால். பூனை என்று சொல்ல இரண்டே படம், அதிலும் ஒன்றில் வெறும் வால். அந்த வாலுக்காக ஒரு வாரம் இரண்டு பேர் சண்டை போட்டோம். கடைசியில் அது ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையில் வளர்ந்த வீட்டுப்பூனை.

அதனால் "எத்தனை" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். "எங்கெங்கே" என்று கேளுங்கள். அதற்கு ஒரு இடத்துக்கு ஒரு கேமரா போதும். ஒரு வேளை பூனை அங்கே இருந்து, ஓர் இரவில் கேமராவில் சிக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்று வையுங்கள். பத்து இரவு வைத்தால், பூனை இருந்தும் "இல்லை" என்று எழுதிவிடும் வாய்ப்பு நூற்றுக்கு 35. முப்பது இரவு வைத்தால் அது நூற்றுக்கு 4 ஆகிவிடும். நான்கு மாதத்தில் எட்டு இடம் பார்க்கலாம். காட்டோரம் இரண்டு, ஓடைக்கரை இரண்டு, அன்னாசி ஊடுபயிர் போட்ட இளந்தோட்டம் இரண்டு, முதிர்ந்த மரங்களுக்கு நடுவே இரண்டு. எட்டை வைத்து மாவட்டத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது, ஆனால் பொய் இருக்காது. ஒன்றும் சிக்காத இடத்தையும் மறக்காமல் எழுதுங்கள். எங்கள் ஆட்கள் பலரும் அதைத்தான் விட்டுவிடுவார்கள்.

வெட்டுக்கத்தி:

மக்களே, நான் குலசேகரம் பக்கம் 28 வருடமாக வெட்டுகிறேன். படிப்பு விஷயம் தெரியாது. ஆனால் அப்பா சொல்லும் வெருகு எது என்று முதலில் கேட்டுப் பார். பழைய பாட்டில் வெருகு என்றால் காட்டுப்பூனை என்று எங்கள் தமிழ் வாத்தியார் சொல்லுவார். மலையாளத்தில் வெருகு என்றால் புனுகுப்பூனை. எங்கள் பக்கம் இரண்டும் கலந்துதான் பேசுவோம். ஒரே லைனில் வெட்டுகிற இரண்டு பேர் வெருகு என்பார்கள், ஒருவன் பார்த்தது ஒன்று, மற்றவன் பார்த்தது வேறொன்று.

அப்புறம், பிப்ரவரியில் இலை கொட்டிவிடும், வெட்டு நின்றுவிடும். அப்போது ராத்திரி தோட்டத்தில் ஆளே இருக்காது. யாரும் பார்க்கவில்லை என்றால் பூனை போய்விட்டது என்று எழுதிவிடாதே.

மலையோரவாசி:

ஒன்றே ஒன்று. கன்னியாகுமரி வன உயிரின சரணாலயம் 2008-ல் அறிவிக்கப்பட்டது, 400 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. பல தோட்டங்களின் வேலிக்கு அந்தப்பக்கமே அதன் எல்லை. தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி இல்லாமல் உள்ளே ஒரு கேமராகூடக் கட்டக்கூடாது. ரோட்டில் பூனை அடிபட்டுக் கிடந்தால் அளவு தெரிய பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். தோல், எலும்பு என்று எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், வழக்காகிவிடும். ராத்திரி தனியாகவும் போகாதீர்கள். 2023-ல் சிற்றாறு ரப்பர் குடியிருப்புப் பக்கம் ஆடுமாடு பிடித்த புலியை எல்லோருமே மறந்துவிட்டார்கள்.

கீரிப்பாறைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. வெட்டுக்கத்தி மாமா சொன்னபடி நேற்று பெயர் எழுதாத ஏழு படங்களை அப்பாவிடம் காட்டினேன். "வெருகு" என்று அவர் தொட்டது வால் முழுக்க வளையம் போட்ட, நீள மூக்குள்ள புனுகுப்பூனை! அது பூனைக் குடும்பமே இல்லை. இருபது வருடமாக வீட்டில் பேசிய பூனை பூனையே இல்லை என்றதும் அம்மா சிரித்துவிட்டார்.

ஆனால் காட்டுப்பூனைப் படத்தில் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தார். "இதை இரண்டு தடவைதான் பார்த்திருக்கேன். கைதச்சக்கை (அன்னாசி) போட்ட சரிவில், எலி பிடிக்க வரும்" என்றார். முதல் கேமரா அங்கேதான். கைடிடம் அந்த 35, 4 கணக்கைப் போட்டுக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் தலைப்பை மாற்றிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஈரச்செருப்பு அண்ணா, எவ்வளவு உயரத்தில் கட்டட்டும்?

ஈரச்செருப்பு:

முழங்கால் உயரம் புலிக்கு. உனக்குத் தரையிலிருந்து ஒன்றரைச் சாண் போதும். முன்னால் இருக்கிற புல்லை வெட்டிவிட்டு நீயே தவழ்ந்து போய்ப் பார், உன் முகம் படத்தில் விழுந்தால் சரி. பால்கேனோடு வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வை. எங்கள் கேமரா ஒன்றில் மூன்று நாள் யாரோ தொப்பியை மாட்டி வைத்திருந்தார்கள்.