பாதிச் சாப்பாட்டைச் சட்டைக்குள் மறைத்து எடுத்துப் போகிற பையனைத் தடுக்கலாமா?

கூழாங்கல் (கேள்வி):
எங்கள் இளைஞர் மையத்தில் கோடை விடுமுறை முழுக்க, வார நாட்களில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடுகிறோம். பள்ளி நடக்கும்போது அங்கேயே ஒரு வேளை சாப்பிட்டுவிடுகிற பிள்ளைகளுக்கு, விடுமுறை விட்டதும் அந்த வேளை அப்படியே நின்றுபோகிறது, அதற்காகத்தான் ஆரம்பித்தோம். காலையில் விளையாட்டு, படம் வரைதல், பன்னிரண்டரைக்குச் சாப்பாடு.

ஒன்பது வயதுப் பையன் ஒருவன் மூன்று நாளாகத் தட்டில் பாதியைத் தொடுவதே இல்லை. எல்லோரும் கை கழுவப் போன பிறகு, மிச்சத்தைக் காகிதத்தில் வைத்து நாலு மூலையையும் சேர்த்து மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கிளம்புகிறான். நேற்று வாசலில் என்னைப் பார்த்ததும் வயிற்றைக் கையால் பொத்திக்கொண்டான். என்னடா என்றேன். "வயிறு வலிக்குதுக்கா" என்றான். காகிதம் ஊறி, சட்டையில் எண்ணெய் வட்டமாகத் தெரிந்தது. ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும், வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது மையத்தின் விதி. ஒருவனுக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்கள், வெயிலில் கெட்டுப்போய் யாருக்காவது ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்கிறார் பொறுப்பாளர். அவர் சொல்வதிலும் தப்பில்லை. ஆனால் அவனைத் தடுக்க எனக்கு மனசே வரவில்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

பெரியஅண்டா:
முதலில், வாசலில் விட்டீர்களே, அது சரி. அப்புறம், பொறுப்பாளரின் பயத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் பல வருடம் மொத்தச் சமையல் செய்தவன். சமைத்த சாப்பாடு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். நடுவில் கிடந்தால் கிருமி மளமளவென்று பெருகும். 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. இவன் பன்னிரண்டரைக்கு வாங்கி, உடம்புச் சூட்டிலேயே வைத்துக்கொண்டு, வழியில் விளையாடிவிட்டு மூன்று மணிக்கு வீட்டுக்குப் போனால்? அதைச் சாப்பிடப் போவது சின்னக் குழந்தையாக இருந்தால்?

அதனால் யாருக்குக் கொண்டுபோகிறான் என்று தெரிந்தே ஆக வேண்டும். ஆனால் "ஏன் எடுத்தாய்" என்று கேட்காதீர்கள். "வீட்டில் வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள்" என்று கேளுங்கள், தானாக வரும்.

மூன்றாம்மாடி:
அங்கேயே சாப்பிட வேண்டும் என்கிற விதி உங்கள் மையத்தில் மட்டும் இருப்பதில்லை. அமெரிக்காவின் கோடைக்கால உணவுத் திட்டம் 1968இல் சோதனையாகத் தொடங்கி 1975இல் தனித் திட்டமானது. ஏழைக் குடும்பங்கள் அதிகம் உள்ள பகுதிகளில் திறந்த மையம் என்று ஒன்று உண்டு, அங்கே 18 வயது வரை யார் வந்தாலும் சாப்பாடு, வருமானச் சான்று எதுவும் கேட்பதில்லை. ஆனால் அங்கேயும் இதே விதிதான், அதனால் மையத்துக்கு வர முடியாத பிள்ளைகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரவே இல்லை. ஒருவழியாக 2023 கோடையிலிருந்து, மையங்கள் தூரமாக இருக்கிற கிராமப் பகுதிகளில் வீட்டுக்கு எடுத்துப்போகவும், வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுக்கவும் சட்டத்திலேயே வழி செய்தார்கள். அதற்கு முன்பே, பழமோ காயோ தானிய வகையோ ஏதாவது ஒன்றைப் பிள்ளை கையில் கொண்டுபோகலாம் என்று சின்னத் தளர்வு இருந்தது. உங்கள் பொறுப்பாளரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பழம் மூன்று மணிக்கும் கெடாது.

இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலிலேயே, வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. பள்ளிக்கு விடுமுறை விடலாம், பசிக்கு விட முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்துதான் இருக்கிறது. கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் சிக்கல்.

கணக்குநோட்டு:
நான் பொறுப்பாளர் பக்கம். நாற்பது பேருக்குச் சமைத்தால் ஒரு நாள் முப்பத்தொரு பேர் வருவார்கள், மறுநாள் நாற்பத்தாறு பேர். கணக்கில் வராமல் சாப்பாடு வெளியே போனால், வரிசையில் கடைசியாக நிற்கிற குட்டிப் பிள்ளைக்குத்தான் குறையும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்று, இந்தப் பையன் யாருடைய பங்கையும் எடுக்கவில்லை. தன் பங்கில் பாதியைத்தான் கொண்டுபோகிறான், அப்படியென்றால் அவனும் அரை வயிற்றோடுதான் போகிறான். வீட்டில் இருக்கிற பிள்ளையையும் நோட்டில் ஒரு ஆளாக எழுதிவிடுங்கள், அதோடு அது விதிமீறல் இல்லை, கணக்கு. பிரிக்காத பால் பொட்டலம், பழம் மாதிரி வேண்டாததைப் பிள்ளைகள் வைத்துவிட்டுப் போக ஒரு மேசை போடுங்கள். வேண்டியவர்கள் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம்.

நெட்டிலிங்கம்:
அந்தப் பையன் மாதிரி நானும் இருந்தவன். சின்ன வயதில் ஒரு விடுமுறை முகாமில் ரொட்டியைப் பைக்குள் போட்டதை ஒருவர் பார்த்துவிட்டார். திட்டவில்லை, அடிக்கவில்லை, எல்லோர் முன்னாலும் பையைத் திறந்து காட்டச் சொன்னார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து நான் போகவில்லை, என் தம்பியும் போகவில்லை. விடுமுறை முடியும்வரை மதியத்தில் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வோம். அம்மாவிடம் அங்கே சாப்பிட்டாயிற்று என்று சொல்வேன், இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் எந்த முடிவு வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் மற்றப் பிள்ளைகள் முன்னால் அவனிடம் பேசாதீர்கள்.

கூழாங்கல்:
எல்லோருக்கும் நன்றி, நெட்டிலிங்கம் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இன்று ஆட்டம் முடிந்து கயிறுகளைச் சுருட்டும்போது அவனை மட்டும் உதவிக்குக் கூப்பிட்டு, வீட்டில் யாரெல்லாம் என்று கேட்டேன். தங்கச்சி, மூன்று வயது. பாட்டியால் நடக்க முடியாது, அதனால் அவளைக் கூட்டிவர ஆள் இல்லை. அதோடு, ஆறு வயதுக்குக் கீழே இங்கே சேர்ப்பதில்லை என்று முதல் நாள் நாங்கள்தான் சொல்லியிருக்கிறோம், அதை அவன் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறான்.

பொறுப்பாளரிடம் இந்த நோட்டு யோசனையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் அவரே பேனாவை எடுத்துத் தங்கச்சி பெயரை எழுதிக்கொண்டார். நாளையிலிருந்து அந்தத் தெருவில் இருந்து வருகிற பெரிய பெண் ஒருத்தி அவளையும் கூட்டி வருவாள், அண்ணன் பக்கத்திலேயே உட்காரலாம். விளையாட்டுக்குத்தான் வயது வரம்பு, சாப்பாட்டுக்கு இல்லை என்று மாற்றிவிட்டோம். பாட்டிக்குப் போகிற வழியில் கொடுக்க ஒரு மூடி போட்ட டப்பா.

சொன்னதும் அவன் தட்டில் மிச்சம் இருந்ததை எல்லாம் சாப்பிட்டுவிட்டு இன்னொரு தடவை வந்து வாங்கிக்கொண்டான். சனி ஞாயிறுக்கு என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை, அந்த இரண்டு நாளும் மையம் பூட்டியிருக்கும். யாராவது வார இறுதிக்கு ஏதாவது செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள்.