பள்ளி விடுதியில் மூட்டைப்பூச்சி: மருந்தடித்தும் போகவில்லை

திண்டிவனம் பக்கம் ஒரு பள்ளியில் மாணவிகள் விடுதிக் காப்பாளராக இருக்கிறேன். பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பியதிலிருந்து மேல்மாடி அறைகளில் மூட்டைப்பூச்சி. காலையில் பார்த்தால் கை, கழுத்தில் வரிசையாகத் தடிப்பு, போர்வையில் கரும்புள்ளிகள். பொதுத்தேர்வு நேரத்தில் வகுப்பில் தூங்கி விழுகிறார்கள். இதில் ஒரு பிள்ளையின் பெட்டியில்தான் வந்தது என்று பேச்சு வேறு. பேருந்து இருக்கையிலிருந்தும் ஒட்டி வரும் என்று சொல்லி நிறுத்தினேன்.

எல்லாம் ஈரடுக்கு இரும்புக் கட்டில், மேலே பிளைவுட் பலகை. பூச்சி பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவிலும் திருகு ஓட்டைகளிலும்தான். மெத்தைகளை வெயிலில் போட்டோம், துணிகளைக் கொதிநீரில் அலசினோம். மண்ணெண்ணெய் தடவச் சொன்னார்கள். பிள்ளைகள் படுக்கும் இடத்தில் அதற்கு நான் சம்மதிக்கவில்லை. அப்புறம் ஆள் வைத்து மருந்தும் அடித்தாயிற்று. கொஞ்ச நாள் அடங்குகிறது, முட்டை பொரிந்ததும் பழையபடி. தேர்வு முடியும்வரை அறைகளைக் காலி செய்ய வழியில்லை.

பிள்ளைகள் தங்கியிருக்கும்போதே நீராவி இயந்திரம் வைத்து முட்டையோடு ஒழித்தவர்கள் இருந்தால், எந்த மாதிரி இயந்திரம், எத்தனை நாள் இடைவெளியில் அடித்தீர்கள் என்று சொல்ல முடியுமா?