பேட்ச் ஆண்டெனா எஃப்டிடிடி: செல் அளவோடு அதிர்வெண் நகர்கிறது, கடைசியில் புலம் பெருகுகிறது

யீகட்டம்:
பேட்ச் ஆண்டெனா ஒண்ணை எஃப்டிடிடி-ல (இடத்தைச் சின்னச் செல்களாப் பிரிச்சு, மின்காந்தப் புலத்தைப் படிப்படியா நேரத்துல நகர்த்துற முறை) கணக்கிடுறேன். நிரல் நானே எழுதினது. 1.6 மிமீ எஃப்ஆர்4 சுற்றுப்பலகை (மின்காப்பு மாறிலி 4.3, இழப்பு 0.02), மேலே 38 × 29 மிமீ உலோக பேட்ச். கணக்குப்படி 2.45 ஜிகாஹெர்ட்ஸ் வரணும். பக்கவாட்டுச் செல் 1 மிமீ வெச்சா 2.39, 0.5 மிமீ வெச்சா 2.42. உயரத்துல ரெண்டுக்குமே 0.4 மிமீ. 10,000 படியில நிறுத்தினா எஸ்11 வளைவு (ஆண்டெனாவுல இருந்து திரும்பி வர்ற அலையோட அளவு) முழுக்க நெளிவு. சரின்னு 60,000 வரை ஓடவிட்டா 40,000-க்கு மேல புலம் மெதுவா ஏறுது. நேரப்படி 0.88 பிகோநொடி, சுற்றிலும் 8 செல் சிபிஎம்எல் (வெளியே போற அலையை விழுங்குற எல்லைச் சுவர்).

அலைமுகம்:
அதிர்வெண் நகர்வது உங்கள் நிரலின் பிழை அல்ல. உலோக விளிம்பில் புலம் மிகக் கூர்மையாக ஏறுகிறது. ஒரு செல்லுக்குள் நிகழும் அந்த ஏற்றத்தை யீ கட்டம் (எஃப்டிடிடி-யின் செல் வலை) பார்ப்பதில்லை. அதனால் விளிம்பு கட்டக்கோட்டின் மேல் இருந்தால், பேட்ச் ஒவ்வொரு பக்கமும் சுமார் மூன்றில் ஒரு செல் நீண்டதுபோல் நடந்துகொள்ளும். 1 மிமீ செல்லுக்கு மொத்தம் 0.67 மிமீ, அதாவது 2 சதவீதம் சொச்சம்; 2.45 அப்படித்தான் 2.39-க்கு இறங்குகிறது. செல்லைப் பாதியாக்கினால் பிழையும் பாதி. இரண்டு விடைகளை வைத்தே நீட்டிப் பார்க்கலாம்: 2 × 2.42 − 2.39 = 2.45.

செல்லை இன்னும் நுணுக்கிக்கொண்டே போகாதீர்கள். மூன்று திசையிலும் பாதியாக்கினால் நினைவகம் 8 மடங்கு, நேரம் 16 மடங்கு. விளிம்பருகே மட்டும் கோடுகளை நகர்த்துங்கள்: 0.6 மிமீ செல் என்றால் ஒரு கோடு விளிம்புக்கு 0.2 மிமீ உள்ளே, அடுத்தது 0.4 மிமீ வெளியே. அடுத்தடுத்த செல்களின் விகிதம் 1.5-ஐத் தாண்ட வேண்டாம். எஃப்ஆர்4-இன் மாறிலியே தட்டுக்குத் தட்டு 4.2 முதல் 4.7 வரை மாறும்; 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே துரத்துவது வீண்.

நெளிவுக்குக் காரணம் அவசரம். 10,000 படி என்பது 8.8 நானோநொடிதான். இந்த பேட்ச்சின் க்யூ (அதிர்வு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதன் அளவு) 30–35 இருக்கும்; அதற்குள் ஆற்றல் 20 டெசிபல்கூட இறங்கியிருக்காது. படிகளை எண்ணி நிறுத்தாமல், ஆற்றல் உச்சத்திலிருந்து 50 டெசிபல் இறங்கியதும் நிறுத்துங்கள். சுமார் 30,000 படி ஆகும்.

சுவர்:
புலம் ஏறுவது தனி நோய். கூரன்ட் வரம்பை (செல் அளவுக்கு ஏற்ற அதிகபட்ச நேரப்படி) மீறினால் சில நூறு படியிலேயே வெடிக்கும், ஒவ்வொரு படிக்கும் குறி மாறும். உங்கள் 0.5 மிமீ செல்லுக்கு வரம்பு 0.883 பிகோநொடி, ஒட்டித்தான் இருக்கிறது, ஆனால் 40,000 படி பொறுத்திருக்காது. சிபிஎம்எல்-ஐ எடுத்துவிட்டு உலோகப் பெட்டிக்குள் ஓடவிட்டுப் பாருங்கள். அப்போது ஏறவில்லையென்றால் குற்றவாளி சுவர்தான். தூண்டல், அதாவது ஆண்டெனாவுக்குள் அனுப்பும் துடிப்பு, எந்த வடிவம்? சிபிஎம்எல்-இல் ஆல்ஃபா (தாழ் அதிர்வெண்ணை விழுங்க உதவும் அளவுரு) எவ்வளவு?

யீகட்டம்:
பெட்டிக்குள்ள ஏறலை. தூண்டல் வெறும் காஸ்ஸியன் (மணி வடிவத் துடிப்பு). ஆல்ஃபா பூஜ்யம்.

சுவர்:
அதுதான். வெறும் காஸ்ஸியனில் நேர்மின்னோட்டப் பகுதி உண்டு. அது நிலைமின் புலமாகத் தங்கிவிடும். ஆல்ஃபா பூஜ்யமானால் சுவரால் அதை விழுங்க முடியாது, மெல்லச் சேர்த்துவைக்கும். காஸ்ஸியனை 2.45 ஜிகாஹெர்ட்ஸ் சைனால் பெருக்குங்கள். ஆல்ஃபா சுவரின் உள்முகத்தில் 0.05 சீமென்ஸ்/மீட்டர், வெளிமுகத்தில் பூஜ்யம், நடுவே நேர்கோடு. சிக்மா (சுவரின் கடத்துத்திறன்) இதற்கு எதிர்த்திசையில் ஏற வேண்டும்: ஆழத்தின் மும்மடியாக, 0.5 மிமீ செல்லுக்கு உச்சம் சுமார் 17 சீமென்ஸ்/மீட்டர். மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் அரைச்செல் தள்ளித் தனித்தனியே கணக்கிட்டீர்களா என்றும் பாருங்கள், பலர் தவறுவது இங்கேதான். எஃப்ஆர்4 தட்டையும் அதன் அடியிலுள்ள தரை உலோகத்தையும் சுவருக்கு முன்னால் முடிப்பதானால் இடைவெளி விடுங்கள். இல்லையேல் வெளிமுகம் வரை கொண்டுபோங்கள். சுவருக்குள் பாதியில் வெட்டினால் அங்கிருந்தே எதிரொலிக்கும்.

அலைமுகம்:
ஒரே ஒரு பேட்ச்தான் என்றால், அடுக்கு ஊடக கிரீன் சார்போடு (பலகையின் விளைவை முன்கூட்டியே அடக்கிய சூத்திரம்) மொமென்ட் முறை போதும்; அது உலோகத்தில் ஓடும் மின்னோட்டத்தை மட்டும் தேடும். உலோகத்தை மட்டும் துண்டாக்குவதால் சில நூறு அறியாக்கணியங்களில் முடியும். பெட்டி, கேபிள், பக்கத்துச் சுற்று எல்லாம் சேரும்போது எஃப்டிடிடி-க்குத் திரும்புங்கள்.