தொடையில் அடிபட்ட இடத்தில் நீர் எடுத்தும் மறுபடி கட்டுகிறது, ஆபரேஷன் அவசியமா?

இரண்டு மாதம் முன்பு தம்பி பைக்கிலிருந்து விழுந்தான், வேன் சக்கரம் தொடை ஓரமாக ஏறி இறங்கியது. எலும்பு முறியவில்லை, தோலும் கிழியவில்லை, வெறும் ரத்தக்கட்டு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்போது இடுப்புக்குக் கீழே வெளிப்பக்கம் வீக்கம். ஒரு ஓரத்தை அழுத்தினால் மறு ஓரம் தண்ணீர்ப் பை மாதிரி தளும்புகிறது, அங்கே கிள்ளினால் அவனுக்கு உறைப்பதே இல்லை. ஊசியால் இரண்டு முறை நீர் எடுத்தாயிற்று, முதல் தடவை 120 மில்லி. பத்தே நாளில் பழையபடி. எம்ஆர்ஐ பார்த்துவிட்டு மோரல்-லவாலே என்கிறார் டாக்டர், ஆபரேஷன்தான் வழியாம். தோலே கிழியாத காயத்துக்குக் கத்தி வைக்க வேண்டுமா?

பதில் 1
எலும்பு அறுவை சிகிச்சை செய்பவன் நான். உங்கள் டாக்டர் சொல்வது சரி. 1853இல் மோரல்-லவாலே என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த காயம் இது. சக்கரம் இழுத்த இழுப்பில் தோலும் கொழுப்பும் ஒன்றாகத் தசை உறையைவிட்டுப் பிரிந்துவிடும், நடுவில் ஓடும் சின்ன ரத்தக் குழாய், நிணநீர்க் குழாய் எல்லாம் அறுந்து அந்த இடைவெளிக்குள் கசிந்துகொண்டே இருக்கும். உணர்ச்சி நரம்புகளும் கூடவே அறுவதால்தான் மரத்துப்போகிறது. சின்னதாக, புதிதாக இருந்தால் இறுக்கிக் கட்டுப் போட்டே பார்க்கலாம். ஆனால் 50 மில்லிக்கு மேல் வந்தால் ஊசியோடு நிற்பது அபூர்வம். நாள் ஆக ஆகச் சுற்றிலும் ஒரு சவ்வு வளர்ந்துவிடும், அதன் உள்சுவர் வழவழவென்று இருப்பதால் தோல் கீழே ஒட்டவே ஒட்டாது. நீரை மட்டும் எடுத்து என்ன பயன், பை அப்படியேதானே இருக்கிறது? அந்தச் சவ்வை அகற்றி, தோலைத் தசை உறையோடு பல இடங்களில் தைத்து, கசியும் நீர் வெளியே வடிய டிரெய்ன் குழாய் வைப்போம். சில பேருக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தை உள்ளே செலுத்தி ஒட்டவைப்பதும் உண்டு.

பதில் 2
எனக்கு முழங்கால் பக்கம் இதே ஆபரேஷன் நடந்தது. வலியைவிட டிரெய்ன்தான் பொறுமையைச் சோதித்தது, ஒரு நாளில் 30 மில்லிக்குக் கீழே இறங்கினால்தான் எடுப்போம் என்றார்கள், எனக்குப் பதினோரு நாள் ஆனது. சீக்கிரம் எடுங்கள் என்று தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள்.

கேட்டவர்
நன்றி டாக்டர். ஒரு மாதம் தள்ளிப்போடலாமா?

பதில் 1
தள்ளத் தள்ளச் சவ்வு தடிக்கும், வேண்டாம். காய்ச்சல் வந்தாலோ, தோல் சிவந்து சுட்டாலோ, கறுத்தாலோ அன்றைக்கே போய்விடுங்கள். மரத்த இடத்தில் சுடுநீர் ஒத்தடமும் கூடாது, சூடு தெரியாமல் கொப்பளித்துவிடும்.