பல கணினிகளில் பங்கிட்ட வலைத்தேடலில் தளங்களைக் கருத்துவாரியாகப் பிரிப்பது யார் வேலை?

கேள்வி:
வணக்கம். சிங்கப்பூரின் சமூக மன்றங்கள், கோயில்கள், துணைப்பாட நிலையங்கள், கடைகள் ஆகியவற்றின் தமிழ்ப் பக்கங்களைத் தேடுவதற்காக, நண்பர்கள் பன்னிருவர் எங்கள் வீட்டுக் கணினிகளிலேயே, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் சொல்லடைவைப் பங்கிட்டு வைத்திருக்கிறோம். 'மாலை' என்று தேடினால் கேம்பல் லேன் பூக்கடையும் மாலை நேர வகுப்பும் கலந்து வருகின்றன. எல்லாக் கணினிகளுக்கும் கேள்வி போவதால், அவற்றுள் மிக மெதுவானது பதில் தரும்வரை காத்திருக்கவும் வேண்டியிருக்கிறது. தளங்களைக் கருத்துவாரியாகப் பிரித்துவிட்டால், உரிய கணினியை மட்டும் கேட்கலாம். ஆனால் எந்தத் தளம் எந்த வகை என்று யார் முடிவு செய்வது?

மறுமொழி 1:
நூலகத்தில் பட்டியலிடும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவள் நான். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூயி (Dewey) முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்ற எண் உண்டு. நூல் ஓர் அலமாரியில்தான் நிற்க முடியும் என்பதால் ஓர் எண் போதும். இணையப் பக்கத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரையிலான தைப்பூசக் காவடிப் பாதையைச் சொல்லும் பக்கம், சமயத்துக்கும் உரியது, போக்குவரத்துக்கும் உரியது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, பொருளை இடம், காலம் முதலிய பல முகங்களாகப் பிரித்துப் பார்த்தது. உங்களுக்கு அதுவே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. தளத்துக்கு ஒரே பெயர் சூட்டாதீர்கள்.

மறுமொழி 2:
அம்மா சொல்வதை ஏற்கிறேன். உங்களுடையதைப் போலவே பயனர்களின் கணினிகளில் பங்கிட்டு இயங்கும், 2003இல் தொடங்கிய யாசி (YaCy) தேடுபொறி, சொல்லைக் கொண்டே கணினியைத் தேர்கிறது. ஆகவே இரு சொற்களைத் தேடும்போது வெவ்வேறு கணினிகளிலுள்ள பட்டியல்களை ஒப்பிட வேண்டியிருக்கிறது. கருத்துவாரியாகப் பங்கிட்டால் அந்தச் சுமை குறையும். வகை குறிக்கும் பொறுப்பைத் தள உரிமையாளரிடம் விடாதீர்கள்: பக்கத்தில் மறைவாக எழுதப்படும் திறவுச்சொற்களைப் பலர் தவறாகப் பயன்படுத்தியதால், அவற்றைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகல் 2009இல் அறிவித்தது. மனிதர்களே தளங்களை வகைப்படுத்தித் தொகுத்த டிமோஸ் (DMOZ) தளக்கோவையும் 1998இல் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. சில நூறு பக்கங்களை மட்டும் நீங்களே வகைப்படுத்தி, மீதியை நிரலிடம் விடுங்கள். அருகில் மல்லிகை, முழம் என்று வந்தால் பூமாலை. வகுப்பு, மணி என்று வந்தால் பொழுது. கேள்வியை மிகப் பொருத்தமான இரண்டு வகைகளுக்கு அனுப்புங்கள். முடிவுகள் குறைந்தால் மட்டும் எல்லாக் கணினிகளையும் கேளுங்கள். இல்லையேல், தவறாக வகைப்படுத்திய பக்கம் எவர் கண்ணிலும் படாமலே போய்விடும்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. தைப்பூசப் பக்கங்களை இரண்டு முகங்களிலும் பதிந்து, இந்த வார இறுதியில் சோதிக்கிறோம்.