ட்ரைசெப்ஸ் (மேல்கையின் பின்பக்கத் தசை) பயிற்சியில் முழங்கை விரிகிறது, என்ன செய்யலாம்?

கையை மட்டும் ஆட்டி அங்குள்ள கொழுப்பைக் கரைக்க முடியாது, உடல் முழுக்கக் குறைந்தால்தான் அங்கேயும் குறையும். அது தெரியும். கேள்வி தசையை இறுக்குவது பற்றி.

வாரம் 2 நாள், 3 செட், 10–12 முறை: மேசை விளிம்பில் கை ஊன்றிப் புஷ்-அப், பிறகு ஒரே டம்பெல்லை இரு கையாலும் பிடித்துத் தலைக்குப் பின்னால் இறக்கி ஏற்றுவது. இரண்டாவதில்தான் சிக்கல். 4 கிலோவில் 8 முறைக்கு மேல் முழங்கை வெளியே விரிகிறது, முதுகும் வளைகிறது. பாரம் ட்ரைசெப்ஸை விட்டுத் தோளுக்குப் போய்விடுகிறது. 3 கிலோவில் நிலை சரி, ஆனால் 15 முறை சுலபமாக முடிகிறது.

3 கிலோவிலேயே இறக்கும் நேரத்தை 4 விநாடியாக நீட்டினால் போதுமா, ரெசிஸ்டன்ஸ் பேண்டுக்கு (இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை) மாறலாமா? உட்கார்ந்து செய்தால் முதுகு நிற்குமா? நாற்காலி டிப்ஸ் (பின்னால் நாற்காலி விளிம்பில் கை ஊன்றி உடலை இறக்கி ஏற்றுவது) மட்டும் சொல்லாதீர்கள், தோளின் முன்பக்கம் பாடாய்ப் படுத்தும்.